மூன்றில் ஒரு பங்கு உப்பு

ஹத்தகேயாமா மிவாகோவைப் பற்றி எங்கள் கரையில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்று ஒரு பேச்சு. பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் விஷம் வைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஒன்றும் தெரியாதவளும் இல்லை. எங்களுக்கெல்லாம் தெரிந்தது அவளுக்கும் தெரியும், எங்களில் யாருக்கும் தெரியாதது அவளுக்கும் தெரியாது, அவ்வளவுதான். நான் பக்கத்து வீட்டுக்காரி நோபுயே. மீனவர் சங்கத்துக் கொட்டகையில் அவளோடு ஒரே மேசையில் இருபது வருஷத்துக்கு மேல் கணவாய் அறுத்தவள். பேசுகிறவர்கள் என்னிடம் வந்து பேசட்டும்.

அவள் கரையில் பிறந்தவள் இல்லை. மலைக்குள்ளே, பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊரில் பிறந்தவள். அங்கே பனி இறங்கிவிட்டால் பச்சை என்று ஒன்றும் கிடையாது. உப்பில் அமுக்கிய முள்ளங்கி, உப்பில் அமுக்கிய காளான், உப்பில் அமுக்கிய கீரை, இதை வைத்துத்தான் சோறு இறங்க வேண்டும். அவளுடைய அப்பா ஒரு பனிக்காலத்துக் காலையில் சோற்றுக் கிண்ணத்தைப் பிடித்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. ரத்தக்கொதிப்பு மண்டைக்கு ஏறிச் சாவதை அங்கே ‘அடி விழுந்தது’ என்பார்கள். பெரியப்பாவுக்கும் அடி, தாய்மாமனுக்கும் அடி. “எங்க ஊர்ல ஆம்பளைங்க கெழவனாக மாட்டாங்கடி” என்று மிவாகோ அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே இருந்த பயம் எனக்குப் பல வருஷம் தெரியாமல் போயிற்று.

அவளைக் கட்டியவர் தமேயோஷி. கணவாய்ப் படகுக்காரர், வாய்க்கொழுப்புப் பிடித்த மனுஷர். பெண்டாட்டியை ‘மலைக்காரி’ என்றுதான் கூப்பிடுவார். அவளும் சளைத்தவள் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனை ‘அப்பா’ என்று கூப்பிடுவதைப் போலத்தான் அவளும் கூப்பிட்டாள், ஆனால் அவள் வாயில் அது அதட்டலாகத்தான் வரும். வந்த புதிதில் கணவாயின் கண்ணைப் பார்க்கவே பயந்தவள், நாலைந்து வருஷத்தில் எங்களையெல்லாம் முந்திக்கொண்டாள். உப்புக் கணவாய் என்றால் அவள் வீட்டு உப்புக் கணவாய்தான் என்று ஆயிற்று.

அது கடினமான வேலை இல்லை, ஆனால் கைப்பதம் வேண்டும். கணவாயின் ஈரலை உடையாமல் எடுத்து, கண்ணுக்கே தெரியாதபடி உப்புக்குள் புதைத்து ஒரு ராத்திரி விட வேண்டும். தண்ணீரெல்லாம் கக்கி ஈரல் மெழுகு மாதிரி இறுகும். சதைக்கும் உப்புப் போட்டுக் காற்றில் வாட்டி, மெல்லிசாக அரிந்து, ஈரலைப் பிதுக்கி அதில் பிசைந்து, ஜாடியில் போட்டு, சமையலறையின் வடக்குச் சன்னலுக்குக் கீழே வைப்பார்கள். தினமும் காலையில் அடிவரைக்கும் கிளறிவிட வேண்டும். நாள் போகப்போக நிறம் கருத்து, சதை இளகி, ருசி ஏறும். வேகவைக்காமல் அப்படியே ஒரு துண்டை வாயில் போட்டால் அரைக் கிண்ணம் சோறு கேட்கும், அவ்வளவு கரிப்பு. ஃபிரிட்ஜில் யாரும் வைப்பதில்லை. “ஃபிரிட்ஜ்ல வச்சா தூங்கிப்போயிரும், அப்புறம் ருசி எங்கேருந்து ஏறும்?” என்பார்கள். ஜாடியில் இருப்பது கெடும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. உப்புக் கணவாய் கெடாது. நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

தமேயோஷிக்கு அறுபத்திரண்டு வயதில், படகில் விளக்குப் போட்டுக் கணவாய் இழுத்துக்கொண்டிருந்தபோது, வலது கை தூண்டிலை விட்டுவிட்டது. அப்படியே கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டார். கரைக்குக் கொண்டுவந்தபோது மிவாகோ அக்கா துறையில் நின்றிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாகிவிட்டது. “அடி” என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

பிழைத்துவிட்டார். வலது காலை இழுத்து இழுத்து, குச்சி ஊன்றி நடந்தார். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் கொழுப்புக் குறையவில்லை. இன்னொரு தடவை வந்தால் எங்கள் கையில் இல்லை, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த நாளிலிருந்து மிவாகோ அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே வேலை, புருஷனை இரண்டாவது அடி வாங்காமல் வைத்திருப்பது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கரைக்குக் கொமுகாய் என்று ஒரு சுகாதார நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும், சின்ன வெள்ளைக் கார், கையில் உப்பு அளக்கிற மீட்டர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்கு வருவாள். மிசோ என்கிற உப்புச் சோயா விழுதைக் கரைத்துக் காய்ச்சிய சூப் பானைக்குள் அந்தக் கருவியை விட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். போலீஸ்காரன்கூட இப்படி உரிமையாக உள்ளே வந்ததில்லை. அவளுடைய கார்ச் சத்தம் கேட்டதும் நாங்கள் பானையில் ஒரு செம்புத் தண்ணீரைச் சாய்த்துவிடுவோம். அவள் அதையும் கண்டுபிடித்தாள்.

“என்னக்கா, இன்னைக்கு சூப்புல கடற்பாசி நீச்சல் பழகுது?”

“வயசாயிருச்சும்மா, கை தானா தண்ணிய ஊத்திருது” என்றேன்.

“நான் போனதும் கை தானா மிசோவையும் போடுமே!” என்று சிரித்தாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மிவாகோ அக்கா மட்டும் தண்ணீர் ஊற்றி ஏமாற்ற மாட்டாள். பானையைத் திறந்து காட்டி, “சரியா அளந்து சொல்லு. குறைச்சும் சொல்லாத” என்பாள். சூப்பில் குறைத்தாள். ஊறுகாயை நிறுத்தினாள். மீனில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். கடைசியில் மேசையில் உப்புக் கணவாய் வைப்பதையும் நிறுத்தினாள். அதோடு தமேயோஷி சோறு தின்பதை நிறுத்தினார்.

ஒரு மத்தியானம் நான் கத்தரிக்காய் கொடுக்கப் போயிருந்தேன். மனுஷர் கிண்ணத்தை முறைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளையும் எடுத்துச் சோற்றின் நடுவில் செங்குத்தாக நட்டுவைத்தார். செத்தவர்களின் தலைமாட்டில் வைக்கிற சோற்றில்தான் அப்படிக் குச்சி நடுவார்கள்.

“என்ன பண்றீங்க அப்பா!” என்று அவள் அலறினாள்.

“செத்தவனுக்குப் படைக்கிற சோறுதானே இது? வைக்கிறத ஒழுங்கா வைடீ மலைக்காரி.”

அவள் அவருடைய கையில் பட்டென்று அடித்து, குச்சிகளைப் பிடுங்கி எறிந்தாள். “எங்கப்பன் இப்படித்தான், கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டே போனான். உங்களுக்கு விளையாட்டா இருக்கு!” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். கரைக்கு வாழவந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தமேயோஷி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இடது கையால் அந்தச் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வாயில் போட்டு விழுங்கினார்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உப்புக் கணவாய் இல்லாமல் அவர் சோறு தின்ன மாட்டார். உப்பு இருந்தால் செத்துப்போவார். அப்படியென்றால் உப்பில்லாத உப்புக் கணவாய் செய்தால் என்ன?

முதல் தடவை குளிர்காலத்தில் செய்தாள். பாதி உப்பு. ஈரலைப் புதைக்காமல் மேலாகத் தூவி மட்டும் எடுத்தாள். கரிப்புக் குறைந்த இடத்தை நிரப்ப சோற்றை நொதிக்கவைத்து இனிப்பாக்குகிற அரிசிப் பூஞ்சணமும் கொஞ்சம் இனிப்புச் சமையல் மதுவும் சேர்த்தாள். அந்த மாதத்தில் எங்கள் சமையலறைகளில் தண்ணீர்த் தொட்டியின் மேலேயே பனிப்படலம் கட்டும். ஜாடி நன்றாக வந்தது. தமேயோஷி ஒரு துண்டு தின்றார், கண்ணை மூடினார், இன்னொன்று தின்றார். “கிராமத்தான் கல்யாணச் சாப்பாடு மாதிரி இனிக்குது. ஆனா தின்னலாம்” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. அக்கா வேலியோரம் ஓடிவந்து, “நோபுயே, தின்னுட்டாருடீ! ரெண்டு கிண்ணம்!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

வசந்தத்தில் இன்னும் குறைத்தாள். ரத்தக்கொதிப்பும் இறங்கியது. முன்பெல்லாம் எங்கள் ஜாடிச் சாற்றில் அந்த மீட்டரை விட்டால் முள் ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கோடை வருவதற்குள் மிவாகோ அக்காவின் ஜாடியில் முள் ஓரத்துக்குப் போகாமல் நின்றுவிட்டது. மூன்றில் ஒரு பங்கு உப்பு. கொமுகாய்க்கு நம்பவே முடியவில்லை. “அக்கா, நீங்க கோடை முடிஞ்சு நடக்கிற சுகாதாரக் கூட்டத்துக்கு இதைக் கொண்டுவரணும். எல்லாரும் ருசி பாக்கணும். நான் சொன்னா யாரு கேக்குறா, உங்க கைய நம்புவாங்க” என்றாள். மிவாகோ அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. மலையிலிருந்து வந்தவளைக் கரையே கேட்கிறது என்றால் பின்னே என்ன.

முன்னோர்களை வரவேற்று வழியனுப்புகிற போன் பண்டிகை முடிந்து சில நாளில் கணவாய் வந்தது. அவளும் நானும் ஒரே படகின் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தோம். ஒரே மேசையில் அறுத்தோம். நான் எப்போதும்போல உப்பைக் கொட்டினேன், அவள் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினாள். அந்த வருஷம் வெயில் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. ராத்திரியில்கூடத் தெற்குக் காற்றுதான். இருந்தாலும் ஜாடி வடக்குச் சன்னலுக்குக் கீழேதான் இருந்தது. உப்புக் குறைவு, அதனால் ருசி ஏற இன்னும் கொஞ்சம் நாள் விட வேண்டும் என்று விட்டுவைத்தாள். தினமும் காலையில் கிளறினாள். வாசனை நன்றாகவே இருந்தது. அதைச் சத்தியமாகச் சொல்கிறேன், நானே முகர்ந்து பார்த்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் தமேயோஷி குச்சியை ஊன்றிக்கொண்டு என் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கண் என் ஜாடி மேலே இருந்தது.

“நோபுயே, ஒரே ஒரு துண்டு. பழைய உப்பு போட்டது.”

“அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைய அரிஞ்சு ஜாடியில போட்டுருவா.”

“அப்படிப் போட்டாலும் உப்புக் குறைச்சலாத்தான் போடுவா. பயப்படாத.”

நான் கரண்டியை ஓங்கி விரட்டினேன். போகிறபோது திரும்பிப் பார்த்து, “அவ ரொம்பப் பாடுபடுறா. நான் சும்மா கேட்டேன், அவகிட்ட சொல்லிராத” என்றார்.

கூட்டம் பொதுக்கூடத்தில் நடந்தது. கொமுகாய் படம் போட்டு, மண்டையில் ரத்தக்குழாய் எப்படி வெடிக்கிறது என்று காட்டினாள். பிறகு தட்டுகள் வந்தன. மிவாகோ அக்காவின் ஜாடியைச் சுற்றித்தான் கூட்டம். நாக்கில் வைத்தவர்கள் எல்லாம் “அட!” என்றார்கள். தமேயோஷி முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சோற்றை அதை வைத்தே தின்றார். “பொண்டாட்டி சமையல்ல உசுரோட இருக்கிற ஒரே ஆம்பள நான்தான், பாத்துக்கங்க” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மிவாகோ அக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் விடியும்போது எனக்கு வயிற்றுக்குள் கத்தியை விட்டுத் திருப்புவது போல இருந்தது. அப்புறம் தண்ணீர் தண்ணீராக, நிற்கவே இல்லை. என் வீடு மட்டும் இல்லை, கூட்டத்துக்கு வந்த முக்கால்வாசி வீடுகளில் அதே கதை. கொமுகாயும் கழிவறையிலிருந்து வெளியே வரவில்லையாம். எங்களுக்கெல்லாம் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டது. தமேயோஷிக்கு ஆகவில்லை. குடித்த தண்ணீர் தங்கவில்லை, மாத்திரையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஆள் வாடிச் சுருங்கிவிட்டார். உடம்பில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாகி, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே மண்டையில் மறுபடியும் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். மிவாகோ அக்கா அதைக் கேட்டு, “அப்போ அடிதானா?” என்று கேட்டாள். டாக்டர் தலையாட்டினார். “நான் உப்பே போடலையே” என்றாள்.

சுகாதார ஆபீஸிலிருந்து கையுறை போட்ட ஆட்கள் வந்து அவளுடைய ஜாடியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே பெட்டிக் கணவாய் என்று நான் சொன்னதால் என்னுடையதிலிருந்தும் எடுத்தார்கள். என் ஜாடியில் ஒன்றும் இல்லை. அவளுடையதில் கிருமி கோடிக்கணக்கில் இருந்தது. என் வீட்டில் என் ஜாடியிலிருந்து மட்டும் தின்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்துக்கு வராத என் வீட்டுக்காரர் தினமும் அதைத்தான் தின்றுகொண்டிருந்தார்.

அக்கா மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த நேரத்தில், நானும் கூட இருந்தபோது, கொமுகாய் வந்தாள். இன்னும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. உள்ளே வந்ததும் பாயில் நெற்றி படும்படி குனிந்தாள். எழுந்திருக்கவில்லை.

“எந்திரிம்மா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் கழுவாம விட்டேனா? கை அழுக்கா?” என்றாள் மிவாகோ அக்கா.

“இல்லக்கா. அது கணவாய்மேலயே ஒட்டிக்கிட்டு வர்றது. கோடைக் கடல்ல இருக்கிறது. நோபுயே அக்கா ஜாடியிலயும் வந்துதான் இருக்கும்.”

“அப்போ அவ ஜாடியில ஏன் இல்ல?”

கொமுகாய் மெல்லச் சொன்னாள். உப்பு வெறும் ருசிக்கு மட்டும் இல்லை. ஈரலிலும் சதையிலும் இருக்கிற தண்ணீரை உப்புப் பிடித்துவைத்துக்கொள்ளும், கிருமிக்குக் குடிக்கக் கிடைக்காது, அது வாடிவிடும். அக்கா உப்பைக் குறைத்ததும் தண்ணீர் ஜாடிக்குள்ளேயே நின்றுவிட்டது. குளிர்காலத்தில் குளிர் அதைத் தடுத்தது, கோடையில் தடுக்க ஒன்றும் இல்லை. உப்பைக் குறைத்தால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், சீக்கிரம் தின்றுவிட வேண்டும், நாள் கணக்கில் ஊறவிடவே கூடாது. “அது உப்பே இல்லாட்டி வளராது, உப்பு ரொம்ப இருந்தாலும் வளராது. கடல்ல இருக்கிற அளவு உப்புதான் அதுக்குப் பிடிக்கும். நீங்க குறைச்சுக் குறைச்சு…” என்றாள்.

“கடல் அளவுக்குக் கொண்டுவந்துட்டேன்” என்று மிவாகோ அக்கா முடித்தாள்.

“நான் எவ்வளவு உப்பு இருக்குன்னுதான் அளந்தேன். அந்த உப்பு அங்க என்ன வேலை பாக்குதுன்னு ஒரு தடவகூட யோசிக்கல. நான்தான் கொண்டுவரச் சொன்னேன். என்னைத் திட்டுங்கக்கா” என்று அழுதாள் அந்தப் பெண்.

மிவாகோ அக்கா திட்டவில்லை. அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள், கை மட்டும் தடவியது, கண் வடக்குச் சன்னலுக்குக் கீழே ஜாடி இருந்த வட்டத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. “எங்கப்பனைக் கொன்னது உப்பு. அதனால எல்லாத்துக்கும் அதுதான் எமன்னு நெனச்சேன்” என்றாள். பிறகு துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

தமேயோஷி கண் திறக்காமலே போனார். சென்டாய் நகரத்திலிருந்து மகன் வந்தான். எரித்து, கோயிலில் சடங்கு முடித்து, எலும்பைக் குடும்பக் கல்லறைக்குள் வைத்துவிட்டு எல்லோரும் நடந்து திரும்பினார்கள். வழியில் ஒன்றிரண்டு பேர் அவளுக்கு முகம் கொடுக்காமல் ஒதுங்கி நடந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்களும் அந்தக் கூட்டத்தில் ‘அட!’ என்று சொல்லித் தின்றவர்கள்தான்.

நான் கல்லறைக்குப் போகவில்லை. யாராவது ஒருவர் வீட்டில் இருந்து, திரும்பி வருகிறவர்கள் மேல் வாசலிலேயே உப்புத் தூவ வேண்டும். இல்லாவிட்டால் சாவும் செத்தவரும் கூடவே உள்ளே வந்துவிடுவார்கள். மகன் வந்தான், அவன் நெஞ்சிலும் முதுகிலும் தூவினேன். உறவுக்காரர்கள் வந்தார்கள், தூவினேன். கடைசியாக மிவாகோ அக்கா கறுப்புக் கிமோனோவில், கால் விரலைப் பார்த்தபடியே வந்தாள். நான் கிண்ணத்தில் கையை விட்டு அள்ளினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கை, இரும்பு மாதிரிப் பிடித்தது.

“போடாத.”

“அக்கா, வழக்கம். எல்லாரும் பாக்குறாங்க.”

“போட்டா அவரு வரமாட்டாருடீ” என்றாள். “அவரு வரட்டும்.”

என் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டுவிட்டு, பின்னால் யாரோ காலை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரிக் கதவைத் திறந்தே விட்டு, உள்ளே போனாள்.